குருசடைத் தீவின் பாசி

கேள்வி: உயிர்த்தொகை, உயிர்ச்சமூகம், சூழல் மண்டலம் என்று சூழலியல் பாடத்தைப் பிரித்துப் படிப்பதால் என்ன பயன்?
- வாசகர், ராமநாதபுரம்

பதில்: பிரிக்கலாம், ஒன்றோடு நின்றுவிடக் கூடாது. மண்டபம் பக்கம் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கடற்பாசியான கப்பாபைகஸையே (ஊர் வாயில் 'பெப்சி பாசி') எடுத்துக்கொள்ளுங்கள். வித்து விட்டுப் பரவாது, பயமில்லை என்றார்கள் அதைக் கொண்டுவந்தவர்கள். பாதி உண்மை; அது பெருக ஒடிந்த துண்டே போதும். அருகிலுள்ள குருசடைத் தீவில் அது பவளத்தின்மேல் பாயாகப் படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வெளிச்சம் மறைந்தால் பவளத்துக்குள் வாழும் நுண்பாசி உணவு தயாரிக்காது. பவளம் சாகும், அதில் ஒதுங்கும் மீனும் போகும். பாசியின் உயிர்த்தொகையை மட்டும் எண்ணியவர் கண்ணுக்கு இது தெரியாது. பாசி வளர்க்கும் பெண்களின் பிழைப்பு என்னாவது என்பீர்கள். நியாயம்தான்; அதற்குப் பவளமில்லாத கரையைத் தேட வேண்டும். ஏனென்றால், படர்ந்த பாசியைப் பிடுங்கினாலும், தங்கிய துண்டு மறுபடி தழைக்கிறது.