குஞ்சு வியாபாரத்தில் வாக்கே மாதிரிச் சரக்கு

தானிய மூட்டை வாங்குகிறவர் குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துத்தான் விலை பேசுவார். ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சை அப்படிப் பார்க்க வழியில்லை. விற்கிறவர் வாக்குத்தான் அங்கே மாதிரிச் சரக்கு. கோவையில் தீவனத் தானிய மொத்த வியாபாரம் செய்துகொண்டே, தோட்டத்தில் ஜாதிக்கோழியும் வளர்த்து வருகிறோம். அதில் நாங்கள் கற்ற பாடத்தைச் சங்க அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

கொங்குச் சீமையில் சிறுவிடை, பெருவிடை என்ற இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. சிறுவிடை அடைகாப்பதில் கெட்டி. பெருவிடை அசில் இனத்தைச் சேர்ந்தது, உயரமும் கட்டும் உள்ளது. அசிலிலேயே அழகுக்காக வளர்ப்பது கிளிமூக்கு விசிறிவால். வளைந்த குட்டை மூக்கும் நீண்ட வாலும் இதன் இலட்சணம். கண்காட்சிப் பிரியர்கள் இதற்கு நல்ல விலை கொடுக்கிறார்கள். ஆனால் இந்த இலட்சணங்கள் பல மாதம் கழித்துத்தான் முழுதாகத் தெரியவரும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் விசிறிவால் பெட்டைகளைச் சாதாரணச் சேவலிடமிருந்து பிரித்து, நல்ல சேவலோடு அடைத்தோம். அடுத்த வாரமே முட்டைகளை எடுத்து அடை வைத்தோம். இருபத்தொரு நாளில் பொரித்த குஞ்சுகளைச் சுத்த ஜாதி என்று விற்றோம். ஆறு மாதம் கழித்து, வாங்கியவர் இரண்டு கோழிகளோடு வந்து நின்றார். மூக்கு நேராக இருந்தது. அவர் கோபப்படவில்லை. "உங்களை நம்பித்தானுங்க வாங்குனேன்" என்றார். அந்த ஒரு சொல் எங்களைச் சுட்டது.

தவறு எங்களுடையதே. சேவலைப் பிரித்த பிறகும் இரண்டு மூன்று வாரம் வரை அதன் வித்து பெட்டையின் உடலில் தங்கி, முட்டை கூடும். இதை அறியாமல் வாக்குக் கொடுத்திருந்தோம். பணத்தையும் தீவனச் செலவையும் கொடுத்து அனுப்பினோம். அன்று முதல் நாங்கள் கடைப்பிடிக்கும் முறைகள் இவை:

1. சேவல் மாற்றினால் நான்கு வாரம் கழித்தே முட்டைகளை அடைக்கு எடுப்பது. அதுவரை இடும் முட்டைகள் சமையலுக்கு.

2. காலில் வளையம் போட்டு, தாய், தகப்பன், பொரித்த தேதி ஆகியவற்றை நோட்டில் எழுதுவது. உடன்பிறந்தவற்றையே இணை சேர்த்து வந்தால் பொரிப்பும் குஞ்சின் வலுவும் குறைந்துபோகும்.

3. வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து, எட்டாம் வாரம் தடுப்பூசி. போட்ட தேதியை வாங்குகிறவருக்கு எழுதிக் கொடுப்பது.

4. இலட்சணம் குறைந்ததைக் கறி விலைக்கே விற்பது. ஜாதி விலை சொல்லித் தள்ளிவிடுவதில்லை.

5. சண்டைக்கு என்று கேட்பவருக்கு இல்லை என்பது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம்.

புதிதாக இறங்குகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தது நினைவிருக்கும். குஞ்சு கொடுத்தார்கள், மாதாமாதம் பணம் தருவோம், திரும்ப வாங்கிக்கொள்வோம் என்றார்கள். ஈமுக் கறியைக் காசு கொடுத்து வாங்கித் தின்ன ஊரில் போதிய ஆளில்லை. புதிதாகச் சேருகிறவர் நின்றதும் எல்லாம் நின்றுபோயிற்று. நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் தெருவில் நின்றார்கள். வளர்க்கிறவர்கள் தங்களுக்குள்ளேயே விற்று வாங்கும் சரக்கு எதுவானாலும் இந்த ஆபத்து உண்டு. நாட்டுக்கோழிக்குக் கறிக்கடை என்ற கடைசி வாசல் இருக்கிறது. ஆகவே கறி விலைக்குப் போனாலும் தாங்கக்கூடிய அளவுக்கே முதல் போடுங்கள்.

அன்று நேர்மூக்குக் கோழியோடு வந்தவர், மறு வருடம் தம் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வந்து எங்களிடமே குஞ்சு வாங்கினார். நோட்டைப் பிரித்துக் காட்டிய பிறகே பணத்தை வாங்கினோம்.