குழல் எத்தனை அங்குலம்? – பெரிய காலிபர் ரிவால்வரில் ஒரு டிசைன் பாடம்



மெஷின் டிசைன் என்றாலே நம்மில் பாதிப் பேருக்கு பயம். ஃபார்முலாவை மனப்பாடம் செய்து, டேபிளில் பார்த்து, ஒரு அளவைக் கண்டுபிடித்து அடிக்கோடு போட்டால் மார்க் வந்துவிடும். ஆனால் "ஏன் இந்த அளவு?" என்று யாராவது திருப்பிக் கேட்டால் வாய் அடைத்துப் போகும். ஒரே ஒரு அளவை எடுத்துக்கொண்டு "ஏன்" என்று கடைசிவரை கேட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. எடுத்துக்கொண்ட அளவு, பெரிய காலிபர் ரிவால்வரின் குழல் நீளம். சினிமாவில் பார்த்துக் கைதட்டுகிற பொருள்தான். அதற்குள் தெர்மல், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், மெக்கானிக்ஸ் எல்லாம் ஒளிந்திருக்கிறது.

காலிபர் என்றால் என்ன?

நம் புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை இருக்கிறது. அங்கே போனவர்கள் பழைய பீரங்கியைப் பார்த்திருப்பீர்கள். குழலின் உள்விட்டம்தான் காலிபர். பீரங்கிக் குழலின் நீளத்தை அந்த உள்விட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்று சொல்வது பழைய வழக்கம். நாமும் அப்படியே கணக்குப் போடலாம்.

வெப்லி மார்க் 6 என்பது 1915-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட ரிவால்வர். காலிபர் .455 அங்குலம், அதாவது சுமார் 11.5 மி.மீ. குழல் 6 அங்குலம். வகுத்தால் சுமார் 13 மடங்கு. நம் நாட்டு இன்சாஸ் ரைபிளில் காலிபர் 5.56 மி.மீ., குழல் 464 மி.மீ. வகுத்தால் 83 மடங்கு! இன்சாஸ் தயாரித்த தொழிற்சாலைகளில் 1966-ல் தொடங்கிய திருச்சி தொழிற்சாலையும் ஒன்று. ஒன்று கையில் பிடிப்பது, மற்றது தோளில் தாங்குவது. மடங்கைப் பார்த்தாலே வேலை தெரிந்துவிடுகிறது.

ஒரு ஸ்ட்ரோக் மட்டும் உள்ள எஞ்சின்

குழலை ஐ.சி. எஞ்சினின் சிலிண்டராகவும் குண்டை பிஸ்டனாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். பவர் ஸ்ட்ரோக்கில் வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளும். இங்கேயும் அதேதான், பிஸ்டன் திரும்பி வராது, அவ்வளவுதான் வித்தியாசம். பி–வி டயகிராமில் விரிவுக் கோடு எப்படி சரிந்து இறங்குகிறது? அதுபோல, குண்டு முன்னே போகப் போக பின்னால் இருக்கும் இடம் பெருகி அழுத்தம் குறைகிறது. ஆக, குழலின் முதல் அங்குலங்கள் கொடுக்கும் வேகத்தைக் கடைசி அங்குலங்கள் கொடுக்காது. மேக்னம் வகைத் தோட்டாவில் ஓர் அங்குலம் கூடினால் வினாடிக்கு ஏறக்குறைய 8 முதல் 15 மீட்டர் வேகம் கூடும். நீளம் ஏற ஏற இந்த லாபம் சுருங்கும். வெப்லி மாதிரி குறைந்த அழுத்தத் தோட்டாவில் லாபம் இன்னும் கம்மி.

ரிவால்வருக்கென்று ஒரு தனிக்குறை உண்டு. தோட்டா இருக்கும் உருளை வேறு, குழல் வேறு. உருளை சுற்ற வேண்டுமே! அதனால் நடுவில் காகிதத் தடிமன் அளவுக்கு ஓர் இடைவெளி விட்டே ஆகணும். அந்த வழியாக கொஞ்சம் வாயு கசியும். இன்னொரு விஷயம், ரிவால்வரின் குழல் நீளத்தை அளக்கும்போது தோட்டா அறையைச் சேர்ப்பதில்லை. பிஸ்டலில் சேர்ப்பார்கள். இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

குறி பார்ப்பதில் நீளத்தின் லாபம்

வேகத்தைவிட நீளம் அதிகம் உதவுவது குறி பார்ப்பதில்தான். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 150 மி.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். கை நடுங்கி முன் குறி 1 மி.மீ. விலகினால், 25 மீட்டர் தூரத்தில் எவ்வளவு விலகும்? ஒத்த முக்கோணக் கணக்கு: 25,000-ஐ 150-ஆல் வகுக்க, சுமார் 167 மி.மீ. அதே இடைவெளி 250 மி.மீ. என்றால் 100 மி.மீ.தான். எட்டாம் வகுப்புக் கணக்கு எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

அப்படியென்றால் நீளமாகவே செய்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். எங்க அப்பா கடலுக்குப் போகிறவர். துடுப்பு நீளமாக இருந்தால் ஒரு வீச்சுக்குத் தண்ணீர் அதிகம் தள்ளும், ஆனால் கை சீக்கிரம் ஓய்ந்துபோகும், அலையில் சட்டென்று திருப்ப முடியாது என்பார். நீளக் குழலும் அப்படித்தான். முனை கனக்கும், உறையிலிருந்து எடுக்க நேரமாகும், இடுப்பில் இடிக்கும். 1847-ல் வந்த கோல்ட் வாக்கர் ரிவால்வருக்கு 9 அங்குலக் குழல், எடை சுமார் 2 கிலோ. அதைக் குதிரைச் சேணத்தில் மாட்டித்தான் கொண்டு போனார்கள்!

பின்னுதைப்பு – ஒரு சின்னக் கணக்கு

நியூட்டனின் மூன்றாம் விதி. வெடிமருந்து வாயுவின் பங்கை விட்டுவிட்டு, குண்டை மட்டும் வைத்துப் பார்ப்போம்.

1. வெப்லி .455: குண்டு சுமார் 17.2 கிராம், வேகம் வினாடிக்கு சுமார் 190 மீட்டர். உந்தம் 3.27. துப்பாக்கி 1.1 கிலோ. பின்னோக்கிய வேகம் சுமார் 3 மீட்டர். ஆற்றல் ஏறக்குறைய 5 ஜூல்.

2. .44 மேக்னம் (1955-ல் வந்தது): குண்டு சுமார் 15.5 கிராம், வேகம் சுமார் 410 மீட்டர். உந்தம் 6.36. துப்பாக்கி 1.35 கிலோ. பின்னோக்கிய வேகம் சுமார் 4.7 மீட்டர். ஆற்றல் ஏறக்குறைய 15 ஜூல்.

பாருங்கள், குண்டு முதலாவதைவிட இலேசு. ஆனால் கைக்கு வரும் உதை மூன்று மடங்கு! உந்தத்தை மாற்றாமல் இதைக் குறைக்க துப்பாக்கியின் எடையைக் கூட்டணும். அதனால்தான் மேக்னம் ரிவால்வர்களில் குழலுக்கு அடியில் கனமான இரும்புப் பட்டை வைக்கிறார்கள், ரப்பர் பிடி போடுகிறார்கள். பிரிட்டிஷ் ராணுவம் வேறு வழியில் போனது. .455-ஐச் சுட ஆட்களைப் பழக்குவது சிரமமாக இருந்ததால், 1932-ல் என்ஃபீல்டு ரிவால்வரில் காலிபரையே .38 ஆக்கி, குழலை 5 அங்குலத்தில் நிறுத்தினார்கள். அளவைக் குறைப்பதும் டிசைன்தான் நண்பர்களே!

மற்ற அம்சங்கள்

திறக்கும் முறை: வெப்லி நடுவில் மடிந்து திறக்கும். காலித் தோட்டாக்கள் தானாக வெளியே வரும், மறுபடி நிரப்புவது சுலபம். ஆனால் கீல் இருக்கிற இடமே பலவீனம். மேக்னம் தோட்டாவின் உச்ச அழுத்தம் சுமார் 2,480 பார். கார் டயரில் 2 பார்தான் இருக்கும்! அதற்குத் திடமான சட்டமும், பக்கவாட்டில் வெளியே வரும் உருளையும் வேணும்.

விசை: இரட்டைச் செயல் என்றால் விசையை இழுத்தாலே சுத்தியும் பின்னால் போகும், இழுக்க பலம் அதிகம் தேவை. ஒற்றைச் செயலில் சுத்தியைக் கையால் இழுத்து வைக்கணும், விசை இலேசாக இருக்கும், குறி தவறாது.

உலோகம்: நம் கடற்கரையில் சைக்கிள் செயின் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். உப்புக் காற்றுக்கு துருப்பிடிக்காத எஃகு நல்லது. சாதாரண எஃகு என்றால் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே இருக்கணும்.

நம் நாட்டில் யார் தீர்மானிக்கிறார்கள்?

நம் நாட்டில் முதல் கேள்வி அங்குலம் இல்லை, சட்டம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், 21 வயது நிரம்பணும். .38, .455 ராணுவத் தோட்டாக்களைச் சுடக்கூடிய ரிவால்வர்கள் தடைசெய்யப்பட்ட வகை. அதனால்தான் கான்பூரில் பொதுமக்களுக்காகச் செய்த ரிவால்வர் .32 காலிபர், குழல் 3 அங்குலம். 2014-ல் டைட்டானியம் கலவையில் 'நிர்பீக்' வந்தது, எடை 500 கிராம்தான். 2023-ல் 'பிரபல்' வந்தது, குழல் 76 மி.மீ., உருளை பக்கவாட்டில் திறக்கும்.

விளையாட்டிலும் விதிதான் முதலில். 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் காலிபர் 7.62 முதல் 9.65 மி.மீ.க்குள் இருக்கணும், குழல் 153 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியிலும் 2006 தோஹாவிலும் நம் ஜஸ்பால் ராணா தங்கம் வாங்கியது இந்தப் பிரிவில்தான். அளவு எல்லோருக்கும் ஒன்று, உழைப்புதான் வேறு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். முறையான தொழிற்சாலையில் ஒவ்வொரு குழலையும் வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தத் தோட்டாவால் சோதித்து முத்திரை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். தடித்த உருளைக்கு லாமே சமன்பாடு படித்தோமே, அழுத்தத்தின் கொடுமை உள்சுவரில்தான் அதிகம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். கள்ளத்தனமாகக் குழாயில் செய்கிற துப்பாக்கிக்கு இந்தச் சோதனை எதுவும் கிடையாது. அது வெடித்தால் முதலில் போவது பிடித்திருப்பவன் கை. லேத் ஓட்டத் தெரிந்த நம்மிடம் யாராவது அப்படி ஒரு வேலை கேட்டு வந்தால், எவ்வளவு காசு கொடுத்தாலும் "முடியாது" என்று சொல்லத் தெரிய வேண்டும். அதுவும் படிப்புதான்.

முடிவாக

வரிசை இதுதான்: எதற்கு? சட்டமும் விதியும் என்ன சொல்கிறது? எந்தத் தோட்டா? எவ்வளவு அழுத்தம்? பிடிக்கிற கை தாங்குமா? இவ்வளவுக்கும் பதில் வந்த பிறகுதான் குழல் எத்தனை அங்குலம் என்ற கேள்வி. பம்பு ஷாஃப்டுக்கும் படகு எஞ்சினுக்கும் இதே வரிசைதான்.

எங்கள் வீட்டில் டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். "அங்கே என்னதான் சொல்லித் தர்றாங்க?" என்று அம்மா கேட்பார்கள். ஒரு பொருளைப் பார்த்து, இது ஏன் இந்த அளவில் இருக்கிறது என்று கேட்கச் சொல்லித் தருகிறார்கள் என்பதுதான் என் பதில். அப்ரெண்டிஸ் நேர்முகத்தில் நம் எதிரே உட்காருகிறவரும் அதைத்தான் கேட்கப்போகிறார். தயாராவோம் நண்பர்களே!

– இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், புதுப்பட்டினம்