நெடும்பயணம் முடிந்த ஊரிலேயே காரை விட்டுவிட்டு வரலாமா?

ஐரோப்பாவில் குறைந்த விலைக்கு ஒரு பழைய காரை வாங்குவது, ஸ்பெயின் வழியாக மொராக்கோவில் இறங்கி, மௌரிட்டானியா, செனகல் என்று ஓட்டிப் போவது, கடைசி ஊரில் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு விமானம் ஏறிவிடுவது: தரைவழி நெடும்பயணக் கனவு காண்பவர்கள் பலர் போடும் திட்டம் இது. விற்க முடியாவிட்டால் யாருக்காவது இனாமாகக் கொடுத்துவிடலாம், அதுவும் இல்லையென்றால் காயலான் கடை இருக்கவே இருக்கிறது என்ற நம்பிக்கை இதற்கு அடியில் இருக்கிறது. என் கார், என் பெயரில் ஆர்.சி. புத்தகம், இதை என்ன செய்வது என்பது என் விருப்பம் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் எல்லையைத் தாண்டிய கணத்திலேயே அந்த விருப்பத்தின் பெரும்பகுதி நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. சுற்றுலாப் பயணியின் கார் எந்த நாட்டுக்குள்ளும் இறக்குமதிப் பொருளாக நுழைவதில்லை. ‘வரி கட்டாமல் கொண்டுவருகிறேன், திரும்ப எடுத்துப் போய்விடுகிறேன்’ என்ற உறுதியின் பேரில்தான் அதை உள்ளே விடுகிறார்கள். விற்பதும் கொடுப்பதும் விட்டுவிட்டு வருவதும் அந்த உறுதியை மீறுவதாகும்.

இந்த ஏற்பாட்டுக்குச் சர்வதேச அடித்தளம், தனியார் வாகனங்களின் தற்காலிக இறக்குமதி பற்றி 1954இல் நியூயார்க்கில் ஏற்பட்ட சுங்க உடன்படிக்கை. அதன் கண்கூடான வடிவம் ‘கார்னே’ என்று பயணிகள் சொல்லும் சுங்கப் புத்தகம். இதை அரசு தருவதில்லை. சொந்த நாட்டு மோட்டார் சங்கம் தருகிறது. ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டாகக் கிழிக்கத் தக்கது. உள்ளே நுழையும்போது சுங்க அதிகாரி கீழ்த்துண்டைக் கிழித்து வைத்துக்கொண்டு, புத்தகத்தோடு நிற்கும் மேல்துண்டில் முத்திரை குத்துகிறார். வெளியேறும்போது நடுத்துண்டு போகிறது, மேல்துண்டில் இரண்டாவது முத்திரை விழுகிறது. அந்த இரண்டாவது முத்திரை இல்லையென்றால், கார் அந்த நாட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது என்றுதான் பொருள். அப்போது அந்நாட்டுச் சுங்கம் வரியைக் கேட்பது மோட்டார் சங்கத்திடம். சங்கம் வசூலிப்பது நாம் கட்டிய வைப்புத்தொகையிலிருந்து, அல்லது வங்கி உத்தரவாதத்திலிருந்து. எகிப்து போன்ற வரி மிகுந்த நாடுகள் பயணத்தில் இருந்தால் இந்தத் தொகை காரின் விலையையே பல மடங்கு தாண்டும். ‘ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் ஆயிற்று, ஒரு கடிதமும் வரவில்லை’ என்று நிம்மதி அடைவதும் தவறு. புத்தகத்தின் காலம் முடிந்து ஓராண்டு வரை சுங்கம் தன் கோரிக்கையை அனுப்ப அந்த உடன்படிக்கை இடம் தருகிறது.

கார்னே கேட்காத நாடுகளில் இந்தத் தொல்லை இல்லை என்பது அடுத்த நம்பிக்கை. கார்னே என்பது உத்தரவாதத்தின் ஒரு வடிவம் மட்டுமே. மொராக்கோ அதைக் கேட்பதில்லை. ஆனால் காரின் விவரத்தை ஓட்டிவந்தவரின் கடவுச்சீட்டோடு சேர்த்துச் சுங்கத்தின் கணினியில் பதிந்துகொள்கிறது. ஆண்டுக்கு ஆறு மாதம்தான் அனுமதி. சுங்கத்திடம் முறையாகச் சொல்லி ஏற்பாடு செய்யாமல், காரை விட்டுவிட்டு ஆள் மட்டும் விமானம் ஏற முடியாது. மெக்சிகோ இதையே பணத்தால் செய்கிறது. எல்லைப் பகுதியைத் தாண்டி உள்நாட்டுக்குள் போகும் அமெரிக்கக் காருக்கு, அது தயாரான ஆண்டைப் பொறுத்து 200 முதல் 400 டாலர் வரை வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு, முன்கண்ணாடியில் ஒட்ட ஒரு வில்லை தருகிறார்கள். வெளியேறும்போது அந்த வில்லையை ஒப்படைத்தால்தான் பணம் திரும்பும். ஒப்படைக்காதவர் பணத்தை இழப்பதோடு, அடுத்த முறை வேறொரு காரை உள்ளே கொண்டுபோகும் உரிமையையும் இழக்கிறார்.

‘அதெல்லாம் புதுக் காருக்கு. என்னுடையது பதினைந்து வருடப் பழசு, மதிப்பே கிடையாது, யார் கேட்கப் போகிறார்கள்?’ இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் மோசமானது. ஏனென்றால் உண்மை இதற்கு நேர் எதிரானது. வரி கட்டிச் சட்டப்படி விற்றுவிடலாம் என்ற வழி முதலில் அடைபடுவது பழைய கார்களுக்குத்தான். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட காரை இறக்குமதி செய்ய, சில விலக்குகள் போக, மொராக்கோ அனுமதிப்பதில்லை. செனகலில் எல்லை எட்டு ஆண்டு. சிலி நாடு 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பழைய கார் இறக்குமதியையே பொதுவாகத் தடுத்துவிட்டது. இக்கிக்கே, புன்டா அரேனாஸ் போன்ற வரிவிலக்கு வட்டாரங்களில் மட்டுமே அதற்கு இடம். தென் அமெரிக்கப் பயணிகள் காரை விற்க அந்த ஊர்களைத் தேடிப் போவதன் காரணம் இதுதான். இந்தியாவின் நிபந்தனைகளும் கடுமையானவை: மூன்று ஆண்டுக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். வரி கட்ட அனுமதி கிடைக்கும் நாடுகளிலும் வரியைக் கணக்கிடுவது நாம் கொடுத்த விலையை வைத்து அல்ல, சுங்கம் மதிப்பிடும் விலையை வைத்து. முன்னூறு யூரோவுக்கு வாங்கிய காருக்கு அதைவிட அதிகமாக வரி வரலாம்.

எத்தனையோ பேர் இப்படி விட்டுவிட்டு வந்திருக்கிறார்களே என்ற மறுப்பில் ஓரளவு உண்மை இருக்கிறது. இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து காம்பியாவின் பஞ்சுல் வரை போகும் நற்பணிப் பயணத்தில் கார்கள் கடைசியில் ஏலம் விடப்படுகின்றன. பணம் உள்ளூர் நற்காரியங்களுக்குப் போகிறது. அது சட்டத்தை ஏய்த்து நடப்பதல்ல. காம்பியாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், இடப்பக்க ஸ்டியரிங் உள்ள கார்களையே கேட்டு வாங்கி, முன்கூட்டியே ஏற்பாடு செய்து நடத்தும் ஏலம் அது. தனியாகப் போகும் பயணிக்கு அந்தக் கதவு திறக்காது. 2004இல் தொடங்கிய ‘மங்கோல் ராலி’ என்ற கார்ப் பயணமும் பாடம் சொல்கிறது. தொடக்கத்தில் மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் முடிந்த பயணம், பிற்பாடு ரஷ்யாவின் உலான் உடே நகரில் முடியும்படி மாற்றப்பட்டது. மங்கோலியாவில் கார்களை இறக்குமதி செய்து விட்டுவருவதன் செலவும் சிக்கலும் இதில் முக்கியக் காரணம். அனுபவமுள்ள ஏற்பாட்டாளர்களுக்கே இந்த நிலை.

ஏழை நாட்டுக்குக் கார் கொடுப்பது உதவிதானே, அதற்கு வரி கேட்பது என்ன நியாயம் என்ற கேள்வியை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். கேட்பவரின் மனம் நல்ல மனம். ஆனால் அந்த நாட்டில் முறையாக வரி கட்டிப் பழைய கார் விற்கும் வியாபாரி ஒருவர் இருக்கிறார். பல ஏழை நாட்டு அரசுகளுக்குச் சுங்க வரி முக்கியமான வருமானம். அதோடு, 2015 முதல் 2018 வரை உலக அளவில் ஏற்றுமதியான பழைய இலகுரக வாகனங்கள் 1.4 கோடி என்றும், அவற்றில் ஏறத்தாழ 80 சதவீதம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்கே போயின என்றும், பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவுக்கு என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2020இல் கணக்குச் சொன்னது. புகை கக்கும், பிரேக் தேய்ந்த கார்கள் அங்கே ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. வயது வரம்புகள் பிறந்தது இதனால்தான். நாம் இனாமாகக் கொடுக்கும் காரின் பழைய ஆயிலும் பேட்டரி அமிலமும் கடைசியில் அந்த ஊர் மண்ணில்தான் இறங்கும்.

சரி, வழியில் கார் உண்மையிலேயே நொறுங்கிப் போனால்? 1954 உடன்படிக்கை இதை மறக்கவில்லை. விபத்து நடந்தது ஆதாரத்தோடு உறுதியாகிவிட்டால், பெருஞ்சேதமான காரைத் திருப்பி எடுத்துப்போகத் தேவையில்லை என்கிறது. அதற்குப் பதிலாக உரிய வரியைக் கட்டலாம், அரசுக்கு எந்தச் செலவும் வைக்காமல் அரசிடமே ஒப்படைக்கலாம், அல்லது அதிகாரிகள் முன்னிலையில் சொந்தச் செலவில் அழிக்கலாம். மூன்றிலும் சுங்க அலுவலர் பங்கு கொள்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். என்ஜின் போன காரைப் பாலைவன ஓரத்தில் தள்ளிவிட்டு நம்பர் பிளேட்டை மட்டும் கழற்றி வருவது இந்த மூன்றில் ஒன்றும் அல்ல. காவல்துறை அறிக்கையும் சுங்கத்தின் எழுத்தும் கையில் இல்லாத வரை, அந்தக் கார் சுங்கப் பதிவேட்டில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இன்னொரு பயணியிடம் அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்துச் சாவியை மாற்றிக்கொள்வதும் இப்படித்தான். அனுமதிச் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு. சீட்டைப் புதியவர் பெயருக்குச் சுங்கம் மாற்றித் தராவிட்டால், அவர் செய்யும் தவறுக்கும் முதல் ஆள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே காரை எங்கே முடிப்பது என்ற முடிவைக் கடைசி ஊரில் எடுக்க முடியாது. பயண வரைபடம் போடும்போதே எடுக்க வேண்டும். கப்பலில் திருப்பி அனுப்பும் செலவைத் தொடக்கக் கணக்கிலேயே சேர்த்துவிட்டு, அதைவிடக் குறைந்த செலவில் முறையான வழி கிடைத்தால் அதை லாபமாக எடுத்துக்கொள்வதே சரியான கணக்கு. இந்தியாவிலிருந்து லண்டன் நோக்கிக் கிளம்புகிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். வலப்பக்க ஸ்டியரிங் காரை ஐரோப்பியக் கண்டத்தில் வாங்க ஆள் கிடைப்பது அரிது. பிரிட்டனிலோ அந்நாட்டுத் தரச் சோதனை, பதிவு எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். அங்கேயே அழிக்க நேர்ந்தாலும் வேலை அங்கே முடிந்துவிடாது. வாகனம் அழிந்துபோனால் 14 நாட்களுக்குள், அல்லது கூடிய விரைவில், பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றிதழை ஒப்படைக்க வேண்டும் என்கிறது இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு. வெளிநாட்டுச் சுங்கம் தரும் அழிப்புச் சான்றை மோட்டார் சங்கத்துக்கு ஒன்று, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரதிகளாகவாவது வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.