கைகழுவுதல்: ஓர் ஆங்கில மரபுத்தொடரைப் பிழையின்றி எழுத



பிலிமத்தலாவையில் கொழும்பு–கண்டி வீதியோரம் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் நம் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், கடைவீதியில் சிங்களம், நேர்முகப் பரீட்சையில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளோடு அவர்கள் வாழவேண்டியிருக்கிறது. இதே ஊரில் 1963இல் தொடங்கப்பட்ட இலங்கை இறையியல் கல்லூரி, பிற கிறிஸ்தவ சபையினர் சிங்களத்திலும் தமிழிலும் இறையியல் கற்பதற்கென்றே எழுந்தது. தாய்மொழியில் சிந்திப்பவனுக்கே எதுவும் தெளிவாகும் என்பது அதன் பாடம். ஆங்கிலம் கற்பதற்கும் அதுவே நல்ல வழி. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. அந்த மொழியின் மரபுத்தொடர் ஒன்றை இன்று நம் தமிழின் துணைகொண்டு கற்போம்.

'வொஷ் வன்ஸ் ஹான்ட்ஸ் ஒவ்' என்பதே அத்தொடர். தமிழில் 'கைகழுவிவிடுதல்' என்கிறோமே, அதுதான். ஒருவரைப் பற்றியோ ஒரு காரியத்தைப் பற்றியோ 'இனி எனக்குப் பொறுப்பில்லை' என்று விலகிக்கொள்வது இதன் பொருள்.

பிறந்த கதை

இத்தொடர் பிறந்த இடம் நமக்கு நன்கு தெரிந்ததே. மத்தேயு நற்செய்தி 27ஆம் அதிகாரம் 24ஆம் வசனத்தில், போஞ்சு பிலாத்து மக்கள் முன்னிலையில் தண்ணீர் எடுத்துக் கைகளைக் கழுவுகிறான். நான்கு நற்செய்தியாளருள் மத்தேயு மட்டுமே இதை எழுதியுள்ளார். யூதருக்கும் இச்செயல் புதிதல்ல. கொன்றவன் யாரென்று தெரியாத கொலை நடந்தால், அருகிலுள்ள ஊரின் மூப்பர்கள் கைகழுவித் தங்கள் குற்றமின்மையை அறிக்கையிட வேண்டும் என்று இணைச்சட்ட நூல் 21ஆம் அதிகாரம் விதிக்கிறது. ஆனால் அந்த மூப்பர்கள் உண்மையில் குற்றமற்றவர்கள். பிலாத்துவோ விடுதலை செய்யும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே கழுவினான். 1961இல் செசரியாவில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று, அவன் யூதேயாவின் ஆளுநனாக இருந்ததை உறுதி செய்கிறது. ஆகவேதான் இத்தொடரில் விலகலோடு ஒரு பழியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஐந்து இடறல்கள்

1. தமிழில் 'கை கழுவினான்' என்று ஒருமையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் எப்போதும் பன்மை: 'ஹான்ட்ஸ்'. 'ஹான்ட்' என்று எழுதுவது பிழை.

2. 'மகனைக் கைகழுவினார்' என்பதில் 'ஐ' உருபு போதும். ஆங்கிலத்தில் 'ஒவ்' கட்டாயம். 'பொறுப்பிலிருந்து' என்று தமிழில் நினைத்து 'ஃப்ரொம்' போடுவோரும் உண்டு, அதுவும் பிழை. சரியானது: 'ஹி வொஷ்ட் ஹிஸ் ஹான்ட்ஸ் ஒவ் ஹிஸ் சன்.'

3. அகராதியில் உள்ள 'வன்ஸ்' என்ற சொல்லை அப்படியே வாக்கியத்தில் வைக்கக் கூடாது. எழுவாய்க்கு ஏற்ப மை, அவர், யுவர், ஹிஸ், ஹர், இட்ஸ், தெயர் என்று மாற்ற வேண்டும். 'த கொம்பனி கெனொட் வொஷ் இட்ஸ் ஹான்ட்ஸ் ஒவ் த லைன் ரூம்ஸ்.' அதாவது, லயங்களைக் கொம்பனி கைகழுவ முடியாது.

4. 'அவன் கைகழுவப்பட்டான்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள். கைகழுவியவர் யார் என்று கூறி வாக்கியத்தைத் தொடங்குங்கள்: 'ஹிஸ் ஃபெமிலி வொஷ்ட் தெயர் ஹான்ட்ஸ் ஒவ் ஹிம்.'

5. வெறும் சுத்தத்தைக் குறிக்கும்போது 'ஒவ்' வராது. 2020இல் கொரோனா காலத்தில் எங்கும் 'வொஷ் யுவர் ஹான்ட்ஸ்' என்று எழுதி வைத்திருந்தார்கள். அது சோப்புப் போட்டுக் கழுவுவது. 'ஒவ்' சேர்ந்தால் பொருளே வேறு.

ஒரு சொல்லால் போகும் வேலை

தோட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்தி தையற் பயிற்சியை முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'பயிற்சியை நல்லபடியாக முடித்துக் கையைக் கழுவினேன்' என்று மனதில் நினைத்து, 'ஐ வொஷ்ட் மை ஹான்ட்ஸ் ஒவ் த ட்ரெய்னிங்' என்று எழுதுகிறாள். வாசிக்கும் அதிகாரிக்கு என்ன விளங்கும்? பயிற்சியை வெறுத்து இடையில் விட்டவள் என்றே விளங்கும். அவள் எழுதியிருக்க வேண்டியது 'ஐ கம்ப்ளீட்டட் த ட்ரெய்னிங்' என்பதே. ஆகவே, முடிப்பது வேறு, கைகழுவுவது வேறு என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

நம் மக்களின் கதையிலும்

மலையகத்தவராகிய நமக்கு இத்தொடர் வெறும் இலக்கணமல்ல. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரின் கதி 1974 வரை தொங்கியது. பின்னர் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. எஞ்சியோருக்கு இலங்கைக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. 'இரண்டு அரசாங்கங்களும் எங்களைக் கைகழுவிவிட்டனவா?' என்று அந்நாளில் லயத்து முற்றத்தில் ஒருவர் கேட்டிருந்தால், ஆங்கிலத்தில் அது இப்படி வரும்: 'ஹேவ் த டூ கவர்ன்மென்ட்ஸ் வொஷ்ட் தெயர் ஹான்ட்ஸ் ஒவ் அஸ்?' அரசுகள் இரண்டாதலால் 'தெயர்'. ஒரே அரசைச் சொன்னால் 'இட்ஸ்'.

பயிற்சி

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகளோடு அமர்ந்து இவற்றைச் செய்து பாருங்கள். முதல் மூன்றையும் திருத்துக, நான்காவதை மொழிபெயர்க்க.

1. மை அங்கிள் வொஷ்ட் ஹிஸ் ஹான்ட் ஃப்ரொம் த கேஸ்.
2. த பேரன்ட்ஸ் வொஷ்ட் ஹிஸ் ஹான்ட்ஸ் ஒவ் த பிளேன்.
3. வொஷ் யுவர் ஹான்ட்ஸ் ஒவ் பிஃபோர் லஞ்ச்.
4. எங்கள் பாட்டியை நாங்கள் ஒருபோதும் கைகழுவமாட்டோம்.

விடைகள்: 1. 'ஹான்ட் ஃப்ரொம்' என்பது 'ஹான்ட்ஸ் ஒவ்' ஆக வேண்டும். 2. பெற்றோர் பன்மையாதலால் 'ஹிஸ்' என்பது 'தெயர்' ஆக வேண்டும். 3. 'ஒவ்' நீங்க வேண்டும். 4. 'வீ வில் நெவர் வொஷ் அவர் ஹான்ட்ஸ் ஒவ் அவர் கிரான்ட்மதர்.'

நான்காம் வாக்கியத்தைப் பிள்ளைகள் எழுதி முடித்ததும் பாட்டியிடம் தமிழில் சொல்லட்டும். மத்தேயுவின் திருப்பாடுகள் வாசிக்கப்படும் குருத்து ஞாயிறன்று பிலாத்து தண்ணீர் கேட்கும் இடம் வரும்போது, இந்தப் பாடமும் நினைவுக்கு வரட்டும். இத்தொடரைச் சரியாக எழுதப் பழகுவோம். நம்மை நம்பியிருப்போரிடத்தில் அதைச் செய்யாதிருக்கவும் பழகுவோம்.