அழியா நஞ்சும் உயிரணுக்களும்

வயலில் தெளிக்கும் மருந்து ஜெகதாப்பட்டினக் கடல் வரை செல்லும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. டி.டி.டி. மண்ணில் பல ஆண்டுகள் அழியாது தங்கும். மழைநீரோடு கடலையடைந்து, சிறு மீனினும் பெரு மீனில் மிகுதியாகச் சேரும். நீரில் கரையாது கொழுப்பில் கரைவதால், உண்போரின் கொழுப்பு உயிரணுக்களில் தங்கிவிடும், தாய்ப்பாலிலும் கலக்கும். சுரப்பி நீரைப்போல் இயங்கி, உயிரணுக்களுக்குத் தவறான ஏவலையும் தரும்.

ஆகவேதான் 1989-இல் நம் நாட்டில் உழவுக்கு அது தடை செய்யப்பெற்றது. கேரளத்துக் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் தெளிக்கப்பட்ட எண்டோசல்பான், நரம்பு உயிரணுக்களைத் தாக்குவது. அதனை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது.

பழைய மருந்து இருப்பில் இருப்பின் தெளிக்கலாகாது. வேளாண்மை அலுவலருக்குத் தெரிவித்தல் வேண்டும். தெளிக்கும் கருவியைக் கண்மாயில் கழுவாமலும், காலி டப்பாவில் தண்ணீர் வைக்காமலும் இருப்போமாக.