சம்பங்கி வாசத்துக்குப் பாம்பு வராது

போன வாரம் அந்தமானில், ஷாதிபூரில் ஒரு வீட்டு வாசலில் சம்பங்கித் தூர்கள் நாலைந்து வேரோடு பிடுங்கிக் கிடந்தன. ஒரு தண்டில் மொட்டுகளை எண்ணினேன், இருபத்தெட்டு. இன்னும் இரண்டு நாளில் பூத்திருக்கும். "வாசத்துக்குப் பாம்பு வருமாமே தம்பி, பிள்ளைங்க விளையாடுற இடம்" என்றார் அந்த அக்கா. இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. எத்தனை செடியைத்தான் இப்படிக் கொல்வீர்கள்?

பாம்பு பூவைத் தின்னாது, தேன் குடிக்காது. நாக்கை நீட்டி அது மோப்பம் பிடிப்பது எலி, தவளை, பல்லி, இல்லையென்றால் தன் இணை. மெக்சிகோவிலிருந்து வந்த இந்தச் செடி இருட்டியதும் மணப்பது அந்துப்பூச்சிகளை அழைக்க. வெள்ளை நிறமும் நீண்ட குழலும் அதற்காகத்தான். தாழம்பூவுக்கும் இதே பழி உண்டு. அங்கே பாம்பு தங்குவது அடர்ந்த முள்புதரில், வாசத்தில் அல்ல. சம்பங்கியின் இலையோ புல் மாதிரி. அதில் எது ஒளியும்?

பாம்புக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தமான் நாகமும் அந்தமான் கட்டுவிரியனும் இந்தத் தீவுகளில் மட்டுமே உள்ளவை. நம் நாட்டு விஷமுறிவு மருந்து பெருநிலத்தின் நான்கு பாம்புகளின் விஷத்தை வைத்துத் தயாராவது. அந்தமான் நாகம் அந்த நான்கில் இல்லை. அதனால்தான் கோபம் வருகிறது. அதே வீட்டுக் கொல்லையில் தேங்காய் மட்டைக் குவியல், பழைய தகரம், அதனடியில் எலி வளை. அதை யாரும் தொடவில்லை.

சம்பங்கி பற்றிய மற்ற நம்பிக்கைகள் சில்லறைப் பேச்சு. அடுக்குச் சம்பங்கிதான் அதிகம் மணக்கும் என்பது தவறு, ஒற்றைதான் மணக்கும். ஒருமுறை பூத்தால் கிழங்கு வீண் என்பது பாதி உண்மை: பூத்த கிழங்கு ஓய்ந்துவிடும், பக்கக் கிழங்குகள் அடுத்துப் பூக்கும். தண்ணீர் நிற்க நிற்க ஊற்றினால் செழிக்கும் என்று நம்பி அழுக வைத்தவர்கள் ஏராளம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊர் இது. அரையடி மேட்டுப் பாத்தி போடுங்கள், மணலும் மக்கிய சாணமும் கலந்து.

சம்பங்கிக்கு நிஜ எதிரி ஆப்பிரிக்க நத்தை. ஜப்பானியர் இங்கே இருந்த 1942–45இல் வந்து சேர்ந்தது, இன்றும் இளங்குருத்தை ஒரே ராத்திரியில் மொட்டையடிக்கிறது. மழை விட்ட இரவில் டார்ச்சோடு இறங்கி, கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். ஒரு வீடு மட்டும் செய்து பயனில்லை, தெருவே இறங்க வேண்டும். முட்டையிட ஏற்ற இடமும் அந்த மட்டைக் குவியல்தான்.

பிடுங்கிய தூர்களை எடுத்து வந்து தொட்டியில் வைத்திருக்கிறேன். அக்கா, கொல்லையைச் சுத்தம் செய்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.