மணிமாலை கோர்க்கலாம், உங்கள் கூலியையும் சேர்த்து எண்ணலாம்

"வீட்டில் இருந்தபடியே மணி கோர்க்கும் வேலை. கைநிறையச் சம்பளம். பொருளுக்கு முன்பணம் மட்டும் கட்டினால் போதும்." இப்படி ஒரு செய்தி உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கலாம். பார்த்தவுடன் "நாமும் செஞ்சு பார்க்கலாமே" என்று தோன்றுவது இயல்புதான். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்தச் செய்தியை நம்பி யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம். மாலை கோர்க்கப் பெரிய முதல் தேவையில்லை, வேலையும் கடினமில்லை. எப்படிச் செய்வது, என்ன விலை வைப்பது, எங்கே பதிவு செய்வது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

நம்மூருக்குப் புதிதல்ல

மணி வேலை தமிழ்நாட்டுக்குப் பழைய தொழில். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வில் பளிங்கு, சூதுபவளம், பச்சைக்கல் மணிகள் கிடைத்தன. அவற்றில் பாதி செய்து முடித்தவையும் இருந்ததால், அங்கேயே மணி செய்தார்கள் என்று தெரிந்தது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகளும் செய்யப்பட்டன. கடினமான கல்லில் துளை போட்டுக் கோர்த்தவர்கள் நம் ஆட்கள். நமக்கு இன்று துளை போட்ட மணியே கடையில் கிடைக்கிறது.

விற்பதற்கும் இடம் உண்டு. புளியங்குடியில் இருப்பவர்களுக்குச் சங்கரன்கோவில் ஆடித்தபசு, குற்றாலம் சீசன் இரண்டும் பக்கம்தான். ஊரில் பள்ளி ஆண்டு விழா, கல்யாண வீடு என்று கேட்டு வாங்குகிறவர்களும் இருப்பார்கள்.

என்னென்ன வாங்கணும்?

ஃபேன்சி பொருள் கடையில் கீழ்க்கண்ட பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள்.

• மணி: முதல் மாலைக்கு 6 மில்லிமீட்டர் கண்ணாடி மணி நல்லது. கையில் பிடிக்கவும் எளிது.
• கியர் வயர்: மேலே பூச்சு உள்ள மெல்லிய கம்பி. சாதாரண நூலைவிட நீண்ட நாள் தாங்கும்.
• கியர் லாக்: கம்பியின் முனையை இறுக்கிப் பிடிக்கும் சின்ன உலோகக் குழல்.
• கொக்கியும் வளையமும்: மாலையைப் பூட்டுவதற்கு.
• மூக்கு பிளேயர், கட்டிங் பிளேயர்: ஒருமுறை வாங்கினால் போதும்.

முதல் தடவையே கிலோ கணக்கில் மணி வாங்கிவிடாதீர்கள். சாயம் போகிறதா என்று பார்க்க, நாலு மணியை ஈர வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு இரவு வையுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்த மணி வேண்டாம். கழுத்து வியர்வையில் சாயம் இறங்கினால், வாங்கியவர் மறுபடி உங்களிடம் வரமாட்டார்.

எத்தனை மணி வேண்டும்?

18 அங்குல மாலையில் கொக்கி, வளையத்துக்கு ஒரு அங்குலம் போகும். மீதி 17 அங்குலம், அதாவது சுமார் 432 மில்லிமீட்டர். இதை மணியின் அளவால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். 8 மி.மீ. மணி என்றால் 54, 6 மி.மீ. என்றால் 72, 4 மி.மீ. என்றால் 108. உங்கள் கைபேசியில் உள்ள கால்குலேட்டரே இதற்குப் போதும். உடைசலுக்கு நாலைந்து மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோர்க்கும் முறை

1. மணி உருண்டு ஓடாமல் இருக்க ஒரு துண்டை விரித்து, அதன்மேல் அடுக்குங்கள். நடு மணியை முதலில் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடுக்கிப் போனால் மாலை கோணாது. அடுக்கியதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கலைந்தாலும் பார்த்து அடுக்கலாம்.

2. கியர் வயரை 24 அங்குலம் வெட்டுங்கள். மாலைக்கு 18, இரண்டு முனைக்கும் மூன்று மூன்று.

3. ஒரு முனையில் கியர் லாக்கை நுழைத்து, பிறகு கொக்கியின் துளையில் விட்டு, அதே கம்பியைத் திருப்பி லாக்குக்குள் கொண்டு வாருங்கள். மூக்கு பிளேயரால் லாக்கை நன்றாக அழுத்துங்கள்.

4. இப்போது மணிகளைக் கோருங்கள். மீந்திருக்கும் வால் கம்பியை முதல் மூன்று மணிக்குள் மறைத்துவிடுங்கள்.

5. மறுமுனையில் லாக், வளையம் என்ற வரிசையில் நுழைத்து, கம்பியைத் திருப்பி லாக்கிலும் கடைசி மூன்று மணியிலும் விடுங்கள். இங்கேதான் பலரும் தப்பு பண்ணுவாங்க. கம்பியை முழுக்க இழுத்து இறுக்கினால் மாலை குச்சி மாதிரி விறைத்து நிற்கும். மாலையைக் கழுத்து வடிவில் வளைத்துப் பிடித்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்வு விட்டு, பிறகு லாக்கை அழுத்துங்கள்.

6. மிச்சக் கம்பியை மணியை ஒட்டி வெட்டுங்கள். விரலால் தடவிப் பாருங்கள், குத்தக்கூடாது. ஒரு இரவு ஆணியில் தொங்கவிட்டு, காலையில் லாக் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே விற்பனைக்கு எடுங்கள்.

சிறு குழந்தைகள் மணியை வாயில் போட்டுக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் தரையைக் கூட்டி, மூடி உள்ள டப்பாவில் எடுத்து வையுங்கள். நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள், கண்ணுக்கு அடிக்கடி ஓய்வு கொடுங்கள்.

உங்கள் கூலி எங்கே?

பீடி சுற்றினால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலிக் கணக்கு உண்டு. சொந்தமாக மணி கோர்க்கும்போது அந்தக் கணக்கை நாமே போடணும். பெரும்பாலும் யாரும் போடுவதில்லை.

ஒரு உதாரணம் பார்ப்போம். கணக்கு புரிவதற்காக மட்டுமே இந்த எண்கள். மணிக்கு 60 ரூபாய், வயர், லாக், கொக்கி, வளையத்துக்கு 15, பைக்கு 10, சேதாரம் 5. பொருள் செலவு 90 ரூபாய். வேலை ஒன்றரை மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 60 ரூபாய் என்று வைத்தால் கூலி 90. ஆக விலை 180. "பக்கத்து வீட்டு அக்காதானே" என்று 120-க்குக் கொடுத்தால், கையில் நிற்பது 30 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய்தான் கூலி! பொருள் வாங்கப் போய்வந்த பஸ் காசு இதில் சேரவே இல்லை.

அதனால் முதல் மாலை கோர்க்கும்போதே கைபேசியில் நேரத்தைக் குறித்து வையுங்கள். குறைத்துக் கொடுக்கக்கூடாது என்றில்லை. எவ்வளவு குறைக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

பதிவும் உதவியும்

உத்யம் பதிவு: சிறு தொழில் என்ற அடையாளம் இதனால் கிடைக்கும். ஆதார், பான் எண் இருந்தால் கைபேசியிலேயே செய்யலாம். கட்டணம் கிடையாது. பான் இல்லாத மிகச்சிறு தொழில்களுக்கு 'உத்யம் அசிஸ்ட்' என்ற தனி வழி உண்டு. உங்கள் வங்கியில் கேளுங்கள்.

கலைஞர் கைவினைத் திட்டம்: தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 19 அன்று தொடங்கியது. 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. 35 வயது நிறைந்தவர்களுக்கான திட்டம் இது. உங்கள் வேலை எந்தத் தலைப்பில் வரும் என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

மகளிர் சுய உதவிக் குழு: குழுவில் இருப்பவர்கள் 'மதி' விற்பனை வாய்ப்புகளைப் பற்றி மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

சாதிச் சான்றிதழ்: பாசிமணி கோர்ப்பதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. அவர்கள் இ-சேவை மையம் வழியாகச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் பகுதியில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஜி.எஸ்.டி.: பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை, மாநிலத்துக்குள் விற்கப் பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பும் முன் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பணம் கேட்டால்...

மறுபடி அந்த முதல் செய்திக்கு வருவோம். நடப்பது இதுதான். பொருளுக்கு என்று பணம் வாங்குவார்கள். கோர்த்து அனுப்பினால் "தரம் சரியில்லை" என்று திருப்புவார்கள். பிறகு அந்த எண் அணைந்துவிடும். வேலை தருகிறவர் கூலி கொடுப்பார், நம்மிடம் பணம் கேட்கமாட்டார்.

• பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. "பணம் அனுப்புறேன், பின் போடுங்க" என்றால் அது மோசடி.
• அரசு இணையதளம் போலவே தோன்றி, உத்யம் பதிவுக்குக் கட்டணம் கேட்கும் தளங்களை மூடிவிடுங்கள்.
• பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம். உரையாடல், பணம் அனுப்பிய ரசீது இரண்டையும் படம் எடுத்து வையுங்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு மாலை கோர்த்துப் பாருங்கள். மணி எத்தனை, செலவு எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று மூன்றையும் எழுதுங்கள். இரண்டாவது மாலைக்கு மணி வாங்கணுமா வேண்டாமா என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.